ஒரே தாள், நான்காவது முறை: உடல் பருமன் சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு முழங்கால்களிலும் வலி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்னும் குறைகளுடன் 42 வயதுப் பெண் ஒருவர் எங்கள் பொது மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். இரவும் பகலும் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டு அறையில் சுழல்முறைப் பணியில் இருப்பவர், திருமணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவரை முதலில் பார்த்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுக் காலத்தில் நடந்தவற்றை அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. சிகிச்சை ஓரளவு பயனளித்தது என்பதைவிட, தொடக்கத்தில் நான் செய்த தவறு எட்டு மாதங்களை வீணாக்கியது என்பதே இதை எழுதத் தூண்டிய காரணம்.

முதல் சந்திப்பு

அன்று அவருடைய எடை 104.2 கிலோ, உயரம் 158 செ.மீ.; உடல் நிறை குறியெண் 41.7. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்தக் குறியெண் 25ஐ எட்டினால் மிகை எடை, 30ஐ எட்டினால் உடல் பருமன், 40ஐ எட்டினால் அதன் மூன்றாம் நிலை. இடுப்புச் சுற்றளவு 117 செ.மீ. இருந்தது. இரத்த அழுத்தம் 146/92. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 விழுக்காடு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஊடுகதிர்ப் படத்தில் இரண்டு முழங்கால் மூட்டுகளிலும் நடுத்தரத் தேய்மானம் தெரிந்தது.

இவை எல்லாம் கோப்பில் ஏறின. கோப்பில் ஏறாமல் போனவையும் உண்டு. எடைக்கருவியில் ஏறியபோது அவர் எண்கள் தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். காத்திருக்கும் கூடத்தின் இருக்கைகளுக்கு இருபுறமும் கைப்பிடிகள் இருந்ததால் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டே இருந்தார். பின்னர் ஓரத்தில் கிடந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவுடன் உறங்கிவிட்டார். பெயர் சொல்லி அழைத்தும் எழவில்லை என்று செவிலியர் என்னிடம் சொன்னார். நான் 'களைப்பு' என்று ஒரு சொல் எழுதிவிட்டு மேலே போனேன். பகற்பொழுதில், இரைச்சல் மிகுந்த கூடத்தில், ஒருவர் உட்கார்ந்த கணத்தில் உறங்குவது ஒரு நோய்க்குறி. அதை அன்று நான் நோய்க்குறியாகப் பார்க்கவில்லை.

காத்திருந்தோர் பலர் இருந்த அந்த நாளில், அவருக்கு நான் ஒதுக்கிய நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. நாளொன்றுக்கு 1,200 கிலோகலோரி என்று அச்சிட்ட உணவுத் திட்டத் தாளைக் கொடுத்து, தினமும் 45 நிமிடம் நடக்கச் சொல்லி, இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதினேன். முழங்கால் தேய்ந்தவரிடம் 45 நிமிட நடையும், விடியற்காலை நான்கு மணிக்குப் பசி எடுக்கும் பணியில் இருப்பவரிடம் இரவு எட்டு மணிக்குமேல் உண்ணக் கூடாது என்னும் தாளும் எப்படிப் பொருந்தும் என்று நான் யோசிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர், "இது மாதிரித் தாள் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, டாக்டர்" என்றார். அதைக் குறைகூறலாக எடுத்துக்கொண்டேனே தவிர, தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று முறை தோற்ற ஒரு சிகிச்சையை நான்காவது முறையும் எழுதுகிறேன் என்பதே அவர் எனக்குச் சொன்ன செய்தி.

இடைப்பட்ட எட்டு மாதங்கள்

ஐந்து வாரம் கழித்து வந்தபோது எடை 100.9 கிலோ. மூன்று கிலோவுக்கு மேல் குறைந்திருந்ததைப் பாராட்டி, இதையே தொடருமாறு சொல்லி அனுப்பினேன். அடுத்த சந்திப்புக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஏழு மாதம் கழித்து, முழங்கால் வலி தாங்க முடியாமல் திரும்பி வந்தபோது எடை 107.3 கிலோவாக இருந்தது. முதல் நாளைவிட மூன்று கிலோ கூடுதல்.

அந்த இடைவெளியில் நடந்ததை அவர் பின்னால் விவரித்தார். முதல் மூன்று வாரம் தாளில் உள்ளபடி ஒரு பிடிகூட மீறாமல் உண்டார். நான்காம் வாரத்திலிருந்து, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகள் எழுந்திருக்குமுன் சமையலறையில் நின்றபடியே கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கம் தொடங்கியது. வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. அவ்வாறு உண்ணும் வழக்கம் அதற்குமுன் தமக்கு இருந்ததே இல்லை என்று அழுத்திச் சொன்னார். பாராட்டு வாங்கிய இடத்துக்கு எடை கூடிய உடலோடு வர மனம் இடம்தரவில்லை என்பதும் அவருடைய சொற்களே.

கடுமையான உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பின் இவ்வாறு நேர்வது புதிதன்று. 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், மனநலமும் உடல்நலமும் சரிபார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர். பகல் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணியதும், கட்டுப்பாடு நீங்கிய பின் வயிறு நிறைந்தும் நிறைவு கொள்ளாமல் உண்டதும் அவர்களிடம் பதிவாகின. அவர்கள் யாரும் மன உறுதி குன்றியவர்கள் அல்லர். என் நோயாளியின் பட்டினி அவர்களுடையதைப்போல் நீண்டதன்று என்றாலும், அவருடைய உடல் காட்டிய எதிர்வினை அதே திசையில்தான் இருந்தது. அதை ஒழுங்கின்மை என்று அவரும் நினைத்தார். உண்மையைச் சொல்வதானால், அவர் வராதபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எடையின் வரலாறு

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவருக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினேன். வயதுக்கேற்ப எடை எப்படி மாறியது என்று கேட்டபோது, அவர் மறுநாள் ஒரு பை நிறையப் பழைய காகிதங்களைக் கொண்டுவந்தார்: மகப்பேற்று அட்டைகள், பணியிடத்தின் ஆண்டு மருத்துவப் பரிசோதனைத் தாள்கள், இரத்ததான அட்டை, மனநல மருத்துவரின் சீட்டுகள். எல்லாவற்றிலும் எடை குறிக்கப்பட்டிருந்தது. அவற்றை ஒரு வரைதாளில் புள்ளிகளாக வைத்துக் கோட்டால் இணைத்தோம். இந்த நிகழ்வில் நாங்கள் செய்த பரிசோதனைகளிலேயே செலவில்லாததும், மிகுதியாகச் சொன்னதும் இதுதான்.

முதல் குழந்தைக்கு முன், 29 வயதில், எடை 61 கிலோ. இரண்டாவது பேற்றுக்குப் பின், 33 வயதில், 70 கிலோவில் நின்றது. அடுத்த மூன்று ஆண்டுகள் கோடு ஏறக்குறையச் சமமாகவே ஓடியது. 36 வயதில் இரவுப் பணியுடன் கூடிய சுழல்முறைக்கு மாற்றப்பட்டார். அதன்பின் மூன்று ஆண்டுகளில் 79 கிலோ. 39 வயதில் தாயாரை இழந்தார். தொடர்ந்து ஏற்பட்ட மனச்சோர்வுக்கு மிர்டாசபின் என்னும் மாத்திரை இரவுகளில் 30 மில்லிகிராம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து கோடு செங்குத்தாக எழுந்து, 14 மாதங்களில் 95 கிலோவைத் தொட்டது. 41 வயதில் முழங்கால் வலியால் நடப்பது குறைந்த பின் நூறைக் கடந்தது.

அந்தத் தாளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாகத் தம் வாய்தான் காரணம் என்று கேட்டுவந்தவருக்கு, கோடு திரும்பிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிகழ்ச்சி நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

உட்கொள்ளும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிட மிகும்போது எடை கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அது எடை எப்படிக் கூடியது என்பதைச் சொல்லுமே தவிர, ஏன் மிகுந்தது என்பதைச் சொல்லாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. அந்தக் கணக்கில், 14 மாதங்களில் 16 கிலோ கூடுவதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 300 கிலோகலோரி அளவு மிகை சேர்ந்தாலே போதும். உண்பவருக்கோ உடன் இருப்பவருக்கோ கண்ணில் படாத அளவு அது. பசியைத் தூண்டும் ஒரு மருந்தும், உறக்கம் கெட்ட ஓர் உடலும் அந்த மிகையை ஒவ்வொரு நாளும் சேர்த்துவிட வல்லவை.

கண்டறிந்தவை

உறக்கத்தைப் பற்றி இப்போதுதான் முறையாகக் கேட்டேன். பகலில் நான்கு, ஐந்து மணி நேரம் உறங்குகிறார். அதுவும் துண்டு துண்டாக. எழும்போது தலைவலி. உரத்த குறட்டை. குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறியபடி மீண்டும் தொடங்குவதைக் கணவர் பலமுறை கண்டு, பயந்து எழுப்பியிருக்கிறார். உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 41 முறை மூச்சு தடைபடுவதோ குறைவதோ பதிவானது; 30ஐ எட்டினாலே அது தீவிர உறக்க மூச்சடைப்பு. இரத்த ஆக்சிஜன் அளவு 76 விழுக்காடு வரை இறங்கியிருந்தது.

உடல் பருமனுக்கும் இந்த மூச்சடைப்புக்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு மூச்சுப் பாதையை நெருக்குகிறது. உறக்கம் கெடுவதால் பசி கூடி, உடலசைவு குறைந்து, எடை மேலும் ஏறுகிறது. உடல்நலமுள்ள இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவைத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நிறைவுணர்வு தரும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. இவரோ ஆறு ஆண்டுகளாக அத்தகைய உறக்கத்தில் வாழ்ந்துவந்தவர்.

உணவைப் பொறுத்தவரை, எங்கள் உணவியல் வல்லுநர் அவரிடம் 'என்ன உண்கிறீர்கள்' என்பதோடு 'எப்போது உண்கிறீர்கள்' என்றும் கேட்டார். பகலில் ஒரு வேளைதான். மீதியெல்லாம் நள்ளிரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே. விழித்திருப்பதற்காக ஒரு பணிநேரத்தில் ஆறு கோப்பை இனிப்புப் பானம். ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் 72 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 290 கிலோகலோரி. அவர் எழுதிவைத்திருந்த எந்த உணவுக் குறிப்பிலும் இது இடம்பெறவில்லை, ஏனெனில் குடிப்பதை அவர் உணவாகக் கருதவில்லை. நாங்களும் அதுவரை கேட்கவில்லை.

தைராய்டுதான் காரணம் என்று முன்பு ஓரிடத்தில் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 6.4 என்று சற்றே உயர்ந்திருந்தாலும், தைராய்டு சுரக்கும் தைராக்சின் இரத்தத்தில் இயல்பான அளவிலேயே இருந்தது. தைராய்டுச் சுரப்பு உண்மையிலேயே குறையும்போதுகூட அதனால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோக்களைத் தாண்டுவதில்லை; அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும்தான். தவிர, உடல் பருமனே டிஎஸ்ஹெச் அளவைச் சற்று உயர்த்துவது உண்டு. ஆகவே மாத்திரை தொடங்காமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது என்று வைத்தோம். எடையைக் கூட்டக்கூடிய கார்ட்டிசோல் ஹார்மோனின் மிகைச் சுரப்பு இருக்குமோ என்று ஐயுற்று ஒரு பரிசோதனையும் செய்தோம். அது இயல்பாக இருந்தது. வயிற்று ஸ்கேன் அப்போது எடுக்கவில்லை. அது பின்னால் எனக்கு உறுத்தலாக ஆயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் ஆறு வாரங்களுக்கு உணவைக் குறைக்கும் பேச்சே வேண்டாம் என்பது முதல் முடிவு. எடை குறைக்க வந்தவரிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. அவருக்கே அது ஏமாற்றமாக இருந்தது. எனினும் உறக்கம் சீரடையாமல், கட்டுப்பாடற்று உண்ணும் பழக்கம் அடங்காமல், இன்னொரு பற்றாக்குறையை உடலின்மேல் ஏற்றுவது முன்பு நடந்ததையே மறுபடி நடத்திக் காட்டுவதாகும் என்று நானும் உணவியல் வல்லுநரும் கருதினோம். உறங்கும்போது முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி தொடங்கப்பட்டது. அதனால் எடை குறையாது, சிலருக்குச் சற்றுக் கூடவும் செய்யலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

இரண்டாவது, மனச்சோர்வு மருந்து. இதில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. மிர்டாசபின் அவரைக் காப்பாற்றிய மருந்து. தாயாரின் மறைவுக்குப் பின் உண்ணாமல், உறங்காமல் இருந்தவரை மீட்டது அதுதான். அதே மருந்து ஹிஸ்டமின் ஏற்பிகளையும் செரட்டோனின் ஏற்பிகளில் ஒரு வகையையும் அடைப்பதால் பசியைக் கிளறுகிறது. எடை கூட்டும் மருந்து என்று கேட்ட மாத்திரத்தில் தாமே நிறுத்திவிடக் கூடாது என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். மனநல மருத்துவர், மனச்சோர்வு தணிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டதை உறுதி செய்துகொண்டு, எட்டு வாரங்களில் மிர்டாசபின் அளவைப் படிப்படியாகக் குறைத்தபடியே, செர்ட்ராலின் என்னும் வேறொரு மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார். எடையைக் கூட்டாத புப்ரோபியான் பற்றியும் பேசினோம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாததாலும், கட்டுப்பாடற்று உண்ணும் பழக்கம் அண்மையில் இருந்ததாலும் அதைத் தவிர்த்தோம்.

பணிமாற்றம் கோரி அவருடைய பணியிடத்துக்கு ஒரு மருத்துவக் கடிதம் எழுதினேன். நோயின் பெயரைச் சொல்லாமல், இரவுப் பணி அவருடைய சிகிச்சைக்குத் தடையாக இருப்பதை மட்டும் குறிப்பிட்டேன். மூன்றாம் மாதத்தில் மாலையில் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடியும் நிலையான பணி அவருக்குக் கிடைத்தது. மாத்திரைகளைவிட இந்தக் கடிதம் கூடுதலாக உழைத்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை நிறுவிக்காட்ட வழியில்லை.

ஆறு வாரத்துக்குப் பின் உணவுத் திட்டம் தொடங்கியபோது, அதை அவருடைய நாளின் நேரங்களுக்குப் பொருத்தினோம். வேளை தவறாமல் மூன்று உணவு; பணிக்கு இடையே ஒரு சிற்றுண்டி; நாளொன்றுக்கு 80 கிராம் அளவு புரதம்; தட்டில் பாதி காய்கறி. பற்றாக்குறை 500 கிலோகலோரிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தோம். முதல் மாதம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பானத்தில் சர்க்கரையை மூன்று தேக்கரண்டியிலிருந்து ஒன்றாகக் குறைப்பது. நடைக்குப் பதிலாக, உட்கார்ந்த நிலையில் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பித்தார். பத்து நிமிட நிலைச் சைக்கிளும் சேர்ந்தது. இலக்கு ஆறு மாதத்தில் 5 முதல் 7 விழுக்காடு. முன்பு ஓரிடத்தில் அவருக்கு எழுதித்தரப்பட்ட இலக்கு 58 கிலோ. திருமணமான நாளில்கூட அவர் அந்த எடையில் இல்லை.

சிறிய இலக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதை இலக்காகக் கொண்ட வாழ்க்கைமுறை மாற்றம், நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை 31 விழுக்காடு குறைத்தது. முழங்காலைப் பொறுத்தவரை, எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மூட்டின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

முதல் ஆறு மாதங்கள்

ஆறாம் வாரத்தில் எடை 107.8 கிலோ. அரை கிலோ கூடியிருந்தது. ஆனால் காலைத் தலைவலி போயிருந்தது; இரத்த அழுத்தம் 134/86க்கு இறங்கியிருந்தது; பேருந்தில் உறங்கி இறங்குமிடத்தைத் தவறவிடுவது நின்றுவிட்டது என்று அவரே சொன்னார். கட்டுப்பாடற்று உண்பது வாரத்துக்கு நான்கு முறையிலிருந்து ஒன்றாகக் குறைந்து, மூன்றாம் மாதம் முற்றிலும் நின்றது. தடைகளும் வந்தன. முகமூடி பொருந்தாமல் மூக்கின்மேல் புண்ணாயிற்று. இரண்டு முறை மாற்றிய பிறகே அணிய முடிந்தது. மிர்டாசபின் முழுவதும் நின்ற வாரங்களில் உறக்கமின்மையும் அழுகையும் திரும்பின. மனநல மருத்துவர் வாரந்தோறும் பார்த்து, செர்ட்ராலின் அளவை உயர்த்திய பின் அடங்கின. அந்த இரண்டு வாரம் எங்கள் அனைவருக்கும் கவலையான நாள்கள். எடைக்காக மனநலத்தைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று நான் அஞ்சினேன். நிலை மேலும் மோசமானால் பழைய மருந்துக்கே திரும்புவது என்று முன்னதாகவே முடிவு செய்திருந்தோம்.

ஆறாம் மாத முடிவில் எடை 100.1 கிலோ, 6.7 விழுக்காடு குறைவு. ஹெச்பிஏ1சி 5.8. டிஎஸ்ஹெச் மருந்தின்றியே 5க்குக் கீழ் வந்துவிட்டது.

தேக்கம்

அடுத்த நான்கு மாதங்கள் எடை 99க்கும் 100.5க்கும் இடையே அசையாமல் நின்றது. உணவுக் குறிப்பில் மாற்றமில்லை, பயிற்சி கூடியிருந்தது. இத்தகைய கட்டத்தில் பல நோயாளிகள் பொய் சொல்பவர்களாகக் கருதப்படுகிறார்கள்.

எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைந்த ஆற்றலைச் செலவிடுகிறது. உருவம் சிறுத்ததால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடவும் அது குறைவு. கொழுப்புத் திசு சுருங்கும்போது, 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோனும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்றே பொருள்கொள்கிறது. எடை குறைத்த ஓராண்டுக்குப் பின்னும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை வரைபடமாகப் போட்டு அவருக்கு விளக்கினேன். "அப்படியானால் இது என் உடம்பு செய்கிற வேலையா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

பத்தாம் மாதத்தில் மூன்று வழிகளை அவர்முன் வைத்தோம்: இப்போதைய எடையைக் காத்துக்கொண்டு நிற்பது, மருந்து, இரைப்பை அறுவைச் சிகிச்சை. அவருடைய குறியெண்ணுக்கும் உடனிருந்த நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சை முற்றிலும் பொருத்தமானதே. நீண்டகாலப் பலனும் அதிலேயே மிகுதி. அவர் அதை விரும்பவில்லை. பசியைக் குறைக்கும், வாரம் ஒரு முறை ஊசியாகச் செலுத்தும் செமாக்ளூட்டைடு மருந்தைத் தேர்ந்தெடுத்தார். கணைய அழற்சியோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோயோ இல்லை என்று உறுதி செய்த பின், 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு முறை உயர்த்தினோம். 1 மில்லிகிராமில் குமட்டல் கடுமையானதால் எட்டு வாரம் அதே அளவில் நிறுத்தி, பிறகு 1.7க்குச் சென்றோம். அவர் சொன்னவற்றில் என் நினைவில் நிற்பது, "சாப்பாட்டைப் பற்றிய எண்ணம் மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றுவிட்டது" என்பது.

பித்தப்பையும் மருந்து இடைவெளியும்

பதினேழாம் மாதத்தில், எடை 89.6 கிலோவாக இருந்தபோது, உணவுக்குப் பின் வலது மேல்வயிற்றில் கடும் வலி ஏற்பட்டு இரவு நேரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தார். ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. எடை குறையும் காலத்தில் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது; இவ்வகை மருந்துகளும் பித்தப்பைச் சிக்கல்களைச் சற்று மிகுதியாக்குகின்றன. இவ்விரண்டும் நான் அறிந்தவையே. ஆனால் மருந்து தொடங்கும்போது குமட்டலைப் பற்றி விரிவாகச் சொன்ன நான், இதை ஒரு வரியோடு கடந்துவிட்டேன். அதனால் அந்த வலி முதலில் வந்த இரண்டு முறையும், மருந்தின் வழக்கமான தொல்லை என்று எண்ணி அவர் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டார். மூன்றாம் முறைதான் வந்தார். நுண்துளை அறுவைச் சிகிச்சையில் பித்தப்பை அகற்றப்பட்டது.

அறுவைச் சிகிச்சைக்காக நிறுத்திய மருந்து, பின்னர் கடைகளில் கிடைக்காமல் மேலும் சில வாரம் தள்ளிப்போய், மொத்தம் மூன்று மாத இடைவெளி விழுந்தது. அதற்குள் 4.8 கிலோ திரும்பி ஏறிவிட்டது. இந்த மருந்தை நிறுத்தியவர்கள், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக ஒரு பெரிய ஆய்வின் தொடர்ச்சி காட்டியிருப்பதால், இது எதிர்பார்க்கக்கூடியதே. மருந்து மீண்டும் கிடைத்தபோது 0.25 மில்லிகிராமிலிருந்தே புதிதாகத் தொடங்கினோம்.

26ஆம் மாத நிலை

எடை 88.4 கிலோ. ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது இருந்ததைவிட 18.9 கிலோ, அதாவது 17.6 விழுக்காடு குறைவு. குறியெண் 35.4, வகைப்பாட்டின்படி உடல் பருமன் இன்னும் நீடிக்கிறது. உறக்கத்தில் மூச்சுத் தடை மணிக்கு 41இலிருந்து 14ஆகக் குறைந்துள்ளது, சிபாப் தொடர்கிறது. ஹெச்பிஏ1சி 5.5. ஒரே மாத்திரையில் இரத்த அழுத்தம் 124/80. அரை நிமிடத்தில் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழக்கூடிய எண்ணிக்கை 7இலிருந்து 13 ஆகியுள்ளது. மனச்சோர்வு திரும்பவில்லை. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறார் என்பதை எண்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அவர் முதலில் சொன்னது அதைத்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எடையின் வரலாற்றை முதல் நாளே வரைந்திருக்க வேண்டும். நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய காகிதங்களை அடுத்த முறை கொண்டுவாருங்கள் என்று சொல்ல நேரம் தேவைப்படவில்லை. இப்போது எங்கள் பிரிவில், உடல் பருமனுடன் வரும் ஒவ்வொருவரிடமும் உணவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, உட்கொள்ளும் மருந்துகள், உறக்கம், பணிநேரம் ஆகிய மூன்றையும் செவிலியர் கேட்டு எழுதிவிடுகிறார். எடை கூடத் தொடங்கிய காலத்தில் புதிதாகச் சேர்ந்த மருந்து எது என்பது அதில் தனிக் கேள்வி.

தசைப் பயிற்சியை மருந்துக் காலத்தில் இன்னும் கடுமையாக வலியுறுத்தியிருக்க வேண்டும். குமட்டல் இருந்த வாரங்களில் அவர் உண்ட புரதம் 50 கிராமுக்கும் கீழே போயிருந்ததை உணவியல் வல்லுநர் தாமதமாகவே கவனித்தார். குறைந்த எடையில் தசையின் பங்கு எவ்வளவு என்பதை நாங்கள் அளக்கவில்லை. செமாக்ளூட்டைடு தொடங்குபவர்களிடம் பித்தப்பை வலி எந்த இடத்தில், எப்படி வரும் என்பதை இப்போது எழுதியே கொடுக்கிறோம். மருந்து கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதும் அதே தாளில் உள்ளது.

வராமல் போனவரைத் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும். ஏழு மாதத்தில் ஒரு முறைகூட அழைக்கவில்லை. எடை கூடிவிட்டதால்தான் பலர் வருவதை நிறுத்துகிறார்கள் என்பதால், எடை குறைந்தாலும் கூடினாலும் வாருங்கள், வந்தால் எடை பார்த்தாக வேண்டிய கட்டாயமில்லை என்று முதல் நாளே சொல்கிறோம். எடைக்கருவி நடைபாதையிலிருந்து ஓர் அறைக்குள் மாற்றப்பட்டுவிட்டது. காத்திருக்கும் கூடத்தில் கைப்பிடியில்லாத ஆறு இருக்கைகள் போடப்பட்டுள்ளன.

மருந்தின் அளவை 1.7இலிருந்து 1 மில்லிகிராமுக்குக் குறைத்து எடை நிற்கிறதா என்று பார்க்கலாமா என அவர் கடைசிச் சந்திப்பில் கேட்டார். மூன்று மாதம் அப்படி முயன்று பார்ப்பதென்றும், மூன்று கிலோவுக்கு மேல் ஏறினால் பழைய அளவுக்கே திரும்புவதென்றும் இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.